பச்சிளம் பிள்ளையின் இரத்தப் பரிசோதனை: பயப்படவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம்

(மீள்குடியேறிய கிராமங்களில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஆற்றப்பட்ட சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



நீங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள். பற்றை வெட்டுகிறீர்கள், கிணறு இறைக்கிறீர்கள், கொட்டிலுக்குத் தகரம் போடுகிறீர்கள், படிவங்களோடு பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலரிடமும் அலைகிறீர்கள். இத்தனை வேலைக்கும் நடுவில்தான் சில வீடுகளில் பிள்ளையும் பிறக்கிறது. வீட்டு வேலை ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை. ஆனால் பிறந்த பிள்ளைக்குக் கிருமித் தொற்று வந்தால் ஒரு நாள் பிந்துவதே உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே இன்று ஒரேயொரு விடயத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். பிறந்து 28 நாட்களுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வரும் கிருமித் தொற்றை நேரகாலத்தோடு கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை எவ்வாறு உதவுகிறது என்பதே அந்த விடயம்.

பிள்ளைகள் பிரிவில் தாய்மார் திரும்பத் திரும்பக் கேட்கும் நான்கு கேள்விகள் உண்டு. "இந்தச் சின்னப் பிள்ளையிலை ஏன் இவ்வளவு இரத்தம் எடுக்கினம்?" "நேற்றும் எடுத்தவை, இண்டைக்கும் ஏன் எடுக்கினம்?" "ரிப்போர்ட் நல்லாய்த்தானே வந்தது, பிறகேன் ஊசி போடினம்?" "வீட்டிலை மற்றப் பிள்ளையள் தனிய நிக்குதுகள், துண்டு வெட்டிக்கொண்டு போவமோ?" இந்த நான்கும் நியாயமான கேள்விகள். விடை தெரியாமல் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதுதான் ஆபத்து வருகிறது. எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பச்சிளம் பிள்ளைக்குக் காய்ச்சல் காயாமலும் இருக்கலாம்

பெரியவர்களுக்குக் கிருமி தொற்றினால் உடம்பு கொதிக்கும், நடுங்கும், எங்கே நோகிறது என்று வாயால் சொல்வார்கள். பச்சிளம் பிள்ளையின் உடம்புக்குக் கிருமியோடு போராடும் பழக்கம் இன்னும் வரவில்லை. தொற்று இருந்தும் காய்ச்சல் காயாமல் விடலாம். சில பிள்ளைகளுக்கு உடம்பு சுடுவதற்குப் பதிலாகக் குளிர்ந்து போகும். ஓர் இடத்தில் தொடங்கிய தொற்று சில மணித்தியாலங்களிலேயே இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் பரவிவிடலாம். மூளையைச் சுற்றியுள்ள மென்சவ்வுக்கும் போகலாம்.

பிறந்து முதல் 3 நாட்களுக்குள் வரும் தொற்று பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருவது. பன்னீர்க்குடம் உடைந்து 18 மணித்தியாலத்துக்கு மேல் சென்று பிள்ளை பிறந்தாலோ, பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலோ, பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தாலோ இந்த ஆபத்து கூடுகிறது. அதற்குப் பிறகு வரும் தொற்று அநேகமாகச் சுற்றாடலிலிருந்தும் தொடுபவர்களின் கைகளிலிருந்தும் வருவது. புதிதாக இறைத்த கிணறு, மலசலகூடம் கட்டி முடியாத வளவு, ஒரே கொட்டிலில் இரண்டு மூன்று குடும்பங்கள் என்று இருக்கும் இடங்களில் இந்த இரண்டாவது வகைக்கு நாம் கூடுதலாக விழிப்பாக இருக்கவேண்டும்.

நீங்கள் கவனிக்கவேண்டிய அடையாளங்கள்

எந்தப் பரிசோதனைக்கும் முந்திய பரிசோதனை தாயின் கண்தான். பின்வருவனவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

1. நன்றாகப் பால் குடித்த பிள்ளை குடிக்க மறுத்தல், அல்லது உறிஞ்சப் பலமில்லாமல் இருத்தல்.
2. தட்டி எழுப்பினாலும் எழும்பாமல் சோர்ந்து கிடத்தல், கை கால் அசைவு குறைதல்.
3. அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விடுதல். ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 60 வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள்.
4. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்ளே போதல், முனகுதல்.
5. உடல் வெப்பம் 37.5 பாகை செல்சியசுக்கு மேல் இருத்தல், அல்லது 35.5 பாகைக்குக் கீழே குறைதல்.
6. வலிப்பு.
7. தொப்புளைச் சுற்றிச் சிவத்தல், சீழ் வடிதல். தோலில் சீழ்க் கொப்புளங்கள்.
8. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் நிறம் காணுதல், அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாதல்.
9. வயிறு ஊதுதல், பச்சை நிறமாகச் சத்தி எடுத்தல், உச்சிக்குழி புடைத்தல்.

தகரக் கொட்டிலுக்குள் மத்தியான வெயிலில் பிள்ளையின் உடம்பு சுடுவது உண்டு. அப்போது நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைத்து, சுற்றிய துணியைக் குறைத்து, பால் கொடுத்துப் பாருங்கள். சூடு தணிந்து பிள்ளை வழமைபோல் பால் குடித்தால் நல்லது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் சுட்டால், அல்லது பால் குடிக்காவிட்டால், வெயிலைக் குறைசொல்லிக்கொண்டு இருக்கவேண்டாம்.

"ஏன் இவ்வளவு இரத்தம் எடுக்கினம்?"

முதலாவது கேள்விக்கு வருவோம். 3 கிலோ நிறையுள்ள பிள்ளையின் உடம்பில் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கிறது. தொற்றைக் கண்டுபிடிக்க எடுப்பது பொதுவாக 1 அல்லது 2 மில்லிலீற்றர். அது ஒரு தேக்கரண்டியின் பாதியும் வராது. சின்னக் குழாய்கள் இரண்டு மூன்றில் பிரித்து விடுவதால் பார்க்கும்போது நிறைய எடுத்ததுபோலத் தெரியும். எடுத்த இரத்தத்தைப் பிள்ளையின் உடம்பு திரும்ப உற்பத்தி செய்துகொள்ளும். நிறை மிகக் குறைந்த பிள்ளைகளில் எடுக்கும் ஒவ்வொரு மில்லிலீற்றரையும் வைத்தியர்கள் கணக்குப் பார்த்தே எடுக்கிறார்கள்.

ஊசி குத்தும்போது நோகும் என்பது உண்மைதான். இயலுமான இடங்களில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இரத்தம் எடுக்கலாம். அப்போது பிள்ளைக்கு நோவு குறைவாகத் தெரியும். தாதியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். பிறந்த பிள்ளையின் குதிக்காலில் குத்திச் சில துளி இரத்தத்தைக் கடதாசியில் ஒற்றி எடுப்பது தைரொயிட் சுரப்புக் குறைபாட்டைக் கண்டறிவதற்காக. அது வேறு பரிசோதனை. "பிறந்தவுடனேயே இரத்தம் சோதிச்சாச்சு, ஒண்டும் இல்லை எண்டவை" என்று அதை நம்பி, பிறகு வரும் தொற்றின் அடையாளங்களை விட்டுவிடக்கூடாது.

எடுத்த இரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள்?

பிரதானமாக மூன்று பரிசோதனைகள் செய்வார்கள்.

முதலாவது, முழு இரத்தக் கலங்களின் எண்ணிக்கை. கிருமியோடு போராடும் படைவீரர் போன்றவை வெண்குழியங்கள். பிறந்த பிள்ளைக்கு இவை இயல்பாகவே பெரியவர்களைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே எண்ணிக்கை கூடியிருப்பதை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்லமுடியாது. மாறாக, அவை மிகவும் குறைந்திருந்தால் வைத்தியர் கூடுதலாகக் கவலைப்படுவார். படை அழிந்துகொண்டு போகிறது என்பது அதன் பொருள். முதிராத இளம் வெண்குழியங்கள் நிறையத் தெரிந்தாலும், பயிற்சி முடியாதவர்களையும் உடம்பு சண்டைக்கு அனுப்புகிறது என்று விளங்கிக்கொள்ளலாம். டெங்குக் காய்ச்சலில் நீங்கள் கேள்விப்பட்ட பிளேட்லெட் எண்ணிக்கையும் இதில் தெரியும். கடும் தொற்றிலும் அது குறையும்.

இரண்டாவது, சி.ஆர்.பி. இது உடம்பில் தொற்றோ அழற்சியோ ஏற்படும்போது ஈரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். 1930 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நியுமோனியா நோயாளரின் இரத்தத்தில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது. இன்றும் பிள்ளைகள் பிரிவுகளில் அதிகம் பயன்படும் பரிசோதனைகளில் இது ஒன்று.

மூன்றாவது, இரத்த வளர்ப்புப் பரிசோதனை. ஊட்டப் பொருள் உள்ள ஒரு போத்தலுக்குள் பிள்ளையின் இரத்தத்தை விட்டு, உடம்பின் வெப்பத்தில் வைப்பார்கள். இரத்தத்தில் கிருமி இருந்தால் அது அங்கே வளரும். எந்தக் கிருமி, அதை எந்த மருந்து கொல்லும் என்பதையும் அறியலாம். மற்ற இரண்டும் தொற்று இருக்கலாம் என்று சந்தேகத்தைச் சொல்லும். இது கிருமியையே பிடித்துக் காட்டும். ஆனால் விதைத்த விதை முளைக்க நாள் எடுப்பதுபோல இதற்கும் நேரம் வேண்டும். பெரும்பாலான கிருமிகள் 36 முதல் 48 மணித்தியாலத்துக்குள் தெரியவரும்.

இவற்றோடு இரத்தத்தில் சீனியின் அளவையும் ஒரு துளியில் பார்ப்பார்கள். தொற்றுள்ள பிள்ளைக்குச் சீனி சடுதியாகக் குறையலாம்.

"நேற்றும் எடுத்தவை, இண்டைக்கும் ஏன்?"

ஒரு பிள்ளையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிறந்து 5 நாள். இரவு 10 மணிக்குப் பால் குடிக்க மறுக்கிறது. தாய் பிந்தாமல் 11 மணிக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுவந்துவிட்டார். உடனே இரத்தம் எடுக்கிறார்கள். சி.ஆர்.பி. சாதாரண அளவில் இருக்கிறது. அப்படியென்றால் தொற்று இல்லையா? அப்படிச் சொல்லமுடியாது. தொற்றுத் தொடங்கி ஏறத்தாழ 6 முதல் 12 மணித்தியாலம் சென்ற பிறகுதான் சி.ஆர்.பி. தெளிவாகக் கூடத் தொடங்கும். தாய் கெட்டித்தனமாக நேரத்தோடு வந்ததால், பரிசோதனை காட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார். ஆகவே 24 மணித்தியாலம் அளவில் சென்றபின் இன்னொரு முறை எடுக்கிறார்கள். அப்போது கூடியிருந்தால் தொற்று என்ற சந்தேகம் பலப்படும். இரண்டு தடவையும் குறைவாக இருந்து, பிள்ளையும் நன்றாக இருந்தால், பெரும் தொற்று இல்லை என்று வைத்தியர் ஆறுதலடையலாம்.

சில பிள்ளைகளில் இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும். பிரசவம் கடினமாக இருந்தாலோ, பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அதை உள்ளிழுத்திருந்தாலோ, கிருமி இல்லாமலேயே சி.ஆர்.பி. கூடலாம். எனவே ஓர் இலக்கத்தைப் பார்த்து அழவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். இலக்கம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதையும், பிள்ளை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே வைத்தியர் தீர்மானிக்கிறார். சிகிச்சை வேலை செய்கிறதா என்று அறியவும் இதே பரிசோதனையைத் திரும்பச் செய்வார்கள்.

"ரிப்போர்ட் நல்லாய்த்தானே வந்தது, பிறகேன் ஊசி?"

மேலே சொன்ன உதாரணத்திலேயே இதற்கும் விடை இருக்கிறது. இரத்த வளர்ப்பின் முடிவு வர 2 நாள் ஆகும். தொற்று 2 நாள் காத்திருக்காது. அதனால் சந்தேகம் பலமாக இருந்தால், வளர்ப்புக்கு இரத்தத்தை எடுத்த கையோடு நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைத் தொடங்கிவிடுவார்கள். 36 முதல் 48 மணித்தியாலத்தில் கிருமி வளரவில்லை, சி.ஆர்.பி.யும் ஏறவில்லை, பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது என்றால் பெரும்பாலும் ஊசியை நிறுத்திவிடுவார்கள். அதாவது பரிசோதனைகள் ஊசியைத் தொடங்குவதற்கு மட்டும் உதவுவதில்லை. தேவையில்லாத ஊசியை நிறுத்தவும் அவைதான் உதவுகின்றன. தேவைக்கு மேல் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால், அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகலாம்.

சில வேளைகளில் கிருமி வளராவிட்டாலும் ஊசியைத் தொடர்வார்கள். எடுத்த இரத்தம் மிகக் குறைவாக இருந்தாலோ, முன்னமே மருந்து கொடுத்திருந்தாலோ கிருமி வளராமல் போகலாம். அப்போது பிள்ளையின் நிலைமைதான் தீர்மானிக்கும். ஏன் தொடர்கிறார்கள் என்று வைத்தியரிடம் கேட்பது உங்கள் உரிமை.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதைப் பற்றிப் பலருக்குப் பெரிய பயம் இருக்கிறது. "பிள்ளை பிறகு நடக்காதாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தொற்று மூளை மென்சவ்வுக்குப் போயிருக்கிறதா என்று நிச்சயமாக அறிய இதுவே வழி. முண்ணாண் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுகிறார்கள். நடக்கமுடியாமல் போவதற்கும் இந்தப் பரிசோதனைக்கும் தொடர்பு இல்லை. ஆனால் மென்சவ்வுத் தொற்றைக் கண்டுபிடிக்காமல் விட்டால் பிள்ளையின் கேள்விக்கும் பார்வைக்கும் மூளை வளர்ச்சிக்கும் பாதிப்பு வரலாம்.

"துண்டு வெட்டிக்கொண்டு போவமோ?"

நான்காவது கேள்வி எல்லாவற்றிலும் கடினமானது. மற்றப் பிள்ளைகள் தனியே இருக்கும். கோழி, ஆடு பார்க்க ஆள் இருக்காது. நிவாரணம் கொடுக்கும் நாளில் ஆள் நில்லாவிட்டால் பெயர் விடுபட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கும். ஊசி இரண்டு நாள் போட்டவுடன் பிள்ளை அழகாகப் பால் குடிக்கத் தொடங்கும். அப்போதுதான் "இனி சுகம்தானே" என்று மனம் சொல்லும். நிரூபிக்கப்பட்ட இரத்தத் தொற்றுக்கு 7 முதல் 10 நாள் வரையும், மென்சவ்வுத் தொற்றுக்கு 2, 3 கிழமை வரையும் மருந்து தேவைப்படலாம். பாதியில் விட்டால் எஞ்சிய கிருமி திரும்பப் பெருகும். இரண்டாம் முறை வரும்போது பிள்ளைக்குத் தாங்கும் பலம் குறைந்திருக்கும்.

ஆகவே கர்ப்பகாலத்திலேயே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் வைத்தியசாலையில் 10 நாள் நிற்கவேண்டி வந்தால் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கணவரோடும் அயலவரோடும் இப்போதே பேசி வையுங்கள். நிவாரணப் பதிவு இருந்தால் கிராம அலுவலருக்கும் எமது களப் பணியாளருக்கும் அறிவியுங்கள். பிள்ளையோடு வைத்தியசாலையில் நிற்பதற்காக எந்தத் தாயும் தனக்குரியதை இழக்கக்கூடாது. அப்படி நடந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். வார்டை விட்டுப் போகத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் சொல்லாமல் போகவேண்டாம். வைத்தியரிடம் உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள். அருகிலுள்ள வைத்தியசாலையில் மிகுதி ஊசியைத் தொடர வழி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

வைத்தியசாலைக்குப் போகும் வழியில்

அரச வைத்தியசாலையில் இந்தப் பரிசோதனைகளுக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது. பிள்ளையை உங்கள் வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே துணியால் போர்த்திக் கொண்டு செல்லுங்கள். விழுங்கக்கூடியதாக இருந்தால் வழியிலும் தாய்ப்பால் கொடுங்கள். சீனித்தண்ணீர், தேன், கைமருந்து எதுவும் வேண்டாம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் உங்கள் கர்ப்பகாலப் பதிவேட்டையும் மறக்காமல் எடுங்கள். பன்னீர்க்குடம் எத்தனை மணிக்கு உடைந்தது, காய்ச்சல் இருந்ததா என்பதெல்லாம் வைத்தியருக்கு உதவும்.

கிட்டவுள்ள சிறிய வைத்தியசாலையில் எல்லாப் பரிசோதனைகளும் செய்ய வசதி இல்லாமல் இருக்கலாம். அங்கே முதல் ஊசியைப் போட்டுப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினால், பரிசோதனை செய்யாமல் போடுகிறார்களே என்று மறுக்கவேண்டாம். பரிசோதனைக்காகச் சிகிச்சையைப் பிந்தவிடக் கூடாது. என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதை எழுதி வாங்கிச் செல்லுங்கள்.

பட்டணத்தில் தனியார் ஆய்வுகூடத்தில் நீங்களாகவே இரத்தம் கொடுத்து, "எல்லாம் சரி" என்ற துண்டோடு வீட்டுக்குப் போவது மிகவும் ஆபத்தானது. பிள்ளையைப் பார்க்காமல் துண்டை மட்டும் பார்த்துத் தொற்று இல்லை என்று எவராலும் சொல்லமுடியாது.

துடக்கு முடியவில்லை, 31 கழியட்டும் என்று பொறுத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வழக்கத்தை மதியுங்கள். ஆனால் வருத்தம் வந்த பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போவதை எந்த வழக்கமும் தடுக்கவில்லை. அம்மம்மாமாரே, "கொண்டு போ பிள்ளை" என்ற சொல் முதலில் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

தொற்று வராமல் காக்க

பிள்ளைக்கான இரத்தப் பரிசோதனை உண்மையில் தாயின் கையில்தான் தொடங்குகிறது. முதலாவது கிளினிக்கிலேயே உங்கள் இரத்தத்தைச் சோதிக்கக் கொடுங்கள். சிபிலிசு, எச்.ஐ.வி. ஆகிய தொற்றுக்கள் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மார் ஒவ்வொருவரும் கிளினிக்கில் கொடுத்த இரத்தமே அதற்குக் காரணம். இடம் மாறி வந்தவர்கள் உங்கள் புதிய விலாசத்தைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். அவர் பிள்ளை பிறந்து முதல் 10 நாட்களுக்குள் குறைந்தது இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டியவர். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாவிட்டால் அவரால் வரமுடியாது.

பன்னீர்க்குடம் உடைந்தால் நோ வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடவேண்டாம். அது பிள்ளைக்குக் கிடைக்கும் முதலாவது நோய் எதிர்ப்பு. தொப்புளுக்குச் சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் பூசாமல் உலர்வாக வைத்திருங்கள். பிள்ளையைத் தூக்க வருபவர் எவராக இருந்தாலும் முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். அவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும். ஒரு கிழமையில் அந்தக் கோபம் ஆறிவிடும்.

கடைசியாக ஒரு வார்த்தை. "பிள்ளை வழமைபோல இல்லை" என்று தாய்க்குத்தான் முதலில் தெரியும். அதை டொக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். என்ன வருத்தம் என்று பெயர் சொல்ல உங்களுக்குத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. "நேற்று எட்டுத் தடவை குடிச்சது, இண்டைக்கு இரண்டு தடவைதான்" என்று நீங்கள் சொல்லும் கணக்கு, ஆய்வுகூடத்தின் கணக்குக்குக் குறைந்ததல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தொற்று நேரத்தோடு பிடிபடும்.

இந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோரும் வாசிக்கக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.